குரல் என்னுடையது, பேசியது நானில்லை

மெர்சிங்
14 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கெர்ட்ரூட் எழுதுகிறேன். ஆறு வருடத்துக்குப் பிறகு உங்களுக்கு எழுதும் முதல் வரி எப்படி இருக்க வேண்டும் என்று மூன்று நாள் யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. அதனால் பேரை மட்டும் எழுதி ஆரம்பிக்கிறேன்.

உங்கள் மகள் கிளாரிசா எப்படி இருக்கிறாள்? தலையில் அடி என்றீர்களே, ஆபரேஷன் முடிந்ததா? கண் விழித்தாளா? இரண்டு வாரமாக அவளுக்காக ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் பேசிய எண்ணுக்குத் திரும்ப அடித்தால் மணிகூடப் போகவில்லை. உங்கள் பழைய எண்ணை நான் எப்போதோ அழித்துவிட்டேன். வீட்டு விலாசம் மட்டும் மனதில் இருந்தது. அதனால்தான் கடிதம்.

அன்று சனிக்கிழமை, உங்களுக்கு என் நிலைமை தெரியாது. தீவுக்குப் போகிற கூட்டம் படகு ஜெட்டியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. டிக்கெட் கவுண்டரில் நான் ஒருத்திதான். போனை எடுத்தேன். "கெர்ட்ரூட், நான் அண்ணன் பேசுறேன்," என்று கேட்டது. "பழசெல்லாம் மனசுல வச்சுக்காத. என்னை மன்னிச்சிடு," என்றீர்கள். கவுண்டர் சன்னலைச் சாத்திவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டேன். வெளியே ஒரு சீனர் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "அலமாக், சாப்பிடப் போயிட்டாங்க லா," என்று மற்றவர்களிடம் அலுத்துக்கொண்டது கேட்டது.

ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்கிறார்கள், உங்கள் பேங்க் கார்டு வேலை செய்யவில்லை என்றீர்கள். எட்டாயிரம் வெள்ளிப் பணத்தை நீங்கள் சொன்ன கணக்குக்கு உடனே அனுப்பினேன். அதைத் திருப்பிக் கேட்க இந்தக் கடிதம் இல்லை. தயவுசெய்து அப்படி நினைக்க வேண்டாம். பிறகு ஒரு குரல் செய்தி அனுப்பினீர்களே, "அடுத்த சனிக்கிழமை உன்னைப் பார்க்க வரேன்" என்று, அதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அந்தச் சனிக்கிழமை லீவு போட்டேன். இறால் சம்பல் வைத்தேன். மூன்று மணி வரை சாப்பிடாமல் இருந்தேன். நீங்கள் வரவில்லை.

கிளாரிசாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? எதுவாக இருந்தாலும் எனக்கு எழுதுங்கள். நான் தாங்கிக்கொள்வேன். கட்டின புருஷன் மார்கஸ் போனதையே தாங்கினவள்தானே.

உங்கள் தங்கை
கெர்ட்ரூட்


பாசிர் கூடாங்
18 ஜூலை 2025

பாப்பா,

உட்கார்ந்துகொண்டு படி.

முதலில் ஒன்று. கிளாரிசா நன்றாக இருக்கிறாள். ஸ்கூடாயில் பல்கலைக்கழகத்தில் வேலை, அங்கேயே வாடகை வீடு. அவளுக்கு எந்த விபத்தும் நடக்கவில்லை.

இரண்டாவது. உனக்குப் போன் செய்தது நானில்லை. என்னால் செய்யவும் முடியாது. 2023 மார்ச்சில் எனக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று சொல்லிக் குரல்பெட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை இருக்கிறது. அதன் வழியாகத்தான் மூச்சு. வாயைத் திறந்தால் காற்றுகூட வராது. இரண்டு வருடம் நான்கு மாதமாக நான் ஒரு சொல்லும் பேசவில்லை.

மூன்றாவது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போலீசுக்குப் போ, பேங்குக்கும் போ. அந்தக் குரல் செய்தியை அழிக்காதே. அந்த எண்ணிலிருந்து மறுபடி வந்தால் எடுக்காதே.

கிளாரிசாவிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். இப்போது கம்ப்யூட்டரை வைத்து ஒருவர் குரலை அப்படியே செய்துவிடுகிறார்களாம். ஒரு நிமிடம் பேசிய பதிவு கிடைத்தால் போதுமாம். என்னுடையது எத்தனை மணி நேரம் கிடக்கிறது! கோவில் திருநாளில் தேர்ப்பவனிக்குப் பதினோரு வருடம் மைக் பிடித்தேனே, அத்தனை வீடியோவும் கோவில் பேஸ்புக்கில் இருக்கிறது. உன் எண் ஜெட்டிக் கவுண்டரின் பேஸ்புக் பக்கத்தில் இருக்கிறது. தன் பேஸ்புக்கில் நம் பழைய படத்தைப் போட்டு "அப்பாவும் கெர்ட்ரூட் அத்தையும்" என்று எழுதியவள் கிளாரிசா. அதை நினைத்து அழுகிறாள்.

எனக்கு இப்படி ஆனதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். என் குரலைக் கேட்கவே பிடிக்காது என்று சொன்னவள் நீ. அது போய்விட்டது என்று உனக்குத் தகவல் கொடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். உனக்கு மட்டுமில்லை, கோவிலிலும் யாருக்கும் தெரியாது. துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்தவர்களுக்கும் தெரியாது. உன் அண்ணிக்கும் கிளாரிசாவுக்கும் டாக்டருக்கும் தெரியும். நான் வெளியே போவதில்லை.

ஒன்று கேட்கிறேன். அந்த ஆள் உன்னைக் "கெர்ட்ரூட்" என்றானே. உன்னை நான் என்றைக்கு அப்படிக் கூப்பிட்டேன்?

கேப்ரியல்


மெர்சிங்
23 ஜூலை 2025

திரு. கேப்ரியல் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அது உங்கள் குரல். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் தேர் அசைகிற மாதிரி இழுப்பீர்களே, அந்த இழுப்பு. மூச்சு வாங்கும் இடம்கூட அதே இடம். பெயர் சொல்லிக் கூப்பிட்டதை நானும் கவனித்தேன். ஆறு வருடம் பேசாத கூச்சம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பிறகு வெட்கப்பட்டு, "அது நானில்லை" என்று சொல்கிறீர்களோ என்று நினைக்கிறேன். உங்களுக்கு அந்தக் குணம் உண்டு.

26 ஜூலை

மேலே எழுதியதைக் கிழித்துப்போடலாம் என்று எடுத்தேன். வேண்டாம், நான் என்ன நினைத்தேன் என்று உங்களுக்குத் தெரியட்டும்.

கிளாரிசா நேற்று காரை ஓட்டிக்கொண்டு நேரே வந்துவிட்டாள். "அத்தே, போன்ல பேசினா நீங்க நம்ப மாட்டீங்கன்னுதான் நேர்ல வந்தேன்," என்றாள். உங்கள் படத்தைக் காட்டினாள். கழுத்துத் துணியை எடுத்துவிட்டு எடுத்த படம்.

அண்ணே, நான் என்ன செய்வேன்? மார்கஸை அடக்கம் செய்த அன்று உங்களைப் பார்த்து, "இனிமே உங்க குரலே என் காதுல விழக்கூடாது," என்று கத்தினேன். ஆண்டவர் அதைக் கேட்டு எழுதிவைத்துக்கொண்டாரோ என்று நேற்றிலிருந்து அதே நினைப்புதான்.

கிளாரிசாவே என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் பேங்குக்கும் கூட்டிப்போனாள். பணம் அன்றைக்கே வேறெங்கோ போய்விட்டதாம். கணக்கை வாடகைக்குக் கொடுத்த ஒரு கல்லூரிப் பையனின் பேர் மட்டும் கிடைத்தது. போனது போகட்டும். ஆனால் அந்த மன்னிப்பு? அது என்னிடமிருந்து போய்விட்டதே, அதை யாரிடம் புகார் கொடுப்பது? இரண்டு வாரம் நான் எவ்வளவு லேசாக இருந்தேன் தெரியுமா? மார்கஸ் படத்துக்கு முன்னால் நின்று, "பாத்தீங்களா, அண்ணன் மன்னிப்பு கேட்டுட்டாரு," என்று சொன்னேன். போலீஸ் படிவத்தில் அதை எழுத இடமில்லை.

இனிமேல் எனக்குக் கடிதம் மட்டும் எழுதுங்கள். உங்கள் கையெழுத்தைத்தான் நான் நம்புவேன்.

கெர்ட்ரூட்


பாசிர் கூடாங்
10 ஆகஸ்ட் 2025

பாப்பா,

இந்த நோய் உன் சாபத்தால் வரவில்லை. முப்பத்திரண்டு வருடம் சிகரெட் பிடித்தேன். டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்தப் பாரத்தை இன்றோடு இறக்கிவை.

நானும் இங்கே போலீசுக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். வீட்டை விட்டு அவ்வளவு தூரம் போனது ரொம்ப நாளைக்குப் பிறகு. ஓர் இளம் அதிகாரி. நீ கிளாரிசாவுக்கு அனுப்பிய குரல் செய்தியை, மேசைமேல் கைப்பேசியை வைத்துப் போட்டார். நான் அதுவரை அதைக் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"அடுத்த சனிக்கிழமை உன்னைப் பார்க்க வரேன்."

என் குரல், பாப்பா. எனக்கு முன்னால், என் இருமல் இல்லாமல், நாற்பது வயதில் இருந்த மாதிரி. எனக்குக் கோபம் வரும் என்று நினைத்துப் போயிருந்தேன். வந்தது ஏக்கம். தொலைந்துபோன சொந்தக்காரன் அடுத்த அறையில் பேசுவதைக் கேட்பது போல இருந்தது. அதிகாரி மலாயில், "இது உங்கள் குரலா?" என்று கேட்டார். என்னிடம் இருந்த சிறு பலகையில் "டுலு" என்று எழுதினேன். முன்பு என்று. அவர் அதைப் படித்தார். பிறகு எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

இப்போது நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். மூன்று தாள் கிழித்தாகிவிட்டது.

அந்தக் கருவி உன்னிடம் "மன்னிச்சிடு" என்றது. எதற்கு என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

2019 ஆகஸ்ட். மெர்சிங் கல்லறைத் தோட்டம். அறுபது பேர் நின்ற இடத்தில், மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னேன்: "குடிச்சிட்டுப் போட் எடுத்தான், செத்தான். இதுக்கு ஏன் இவ்ளோ அழுகை?" கல்யாணமான புதிதில் மார்கஸ் குடித்தது எனக்கு மனதில் இருந்தது. உன்னைக் கடைசிவரை அவன் கஷ்டப்படுத்திவிட்டான் என்ற கோபம். அதுதான் வாயில் வந்தது.

அதே வருடம் நவம்பரில், மார்கஸோடு போட்டில் போய்க்கொண்டிருந்த செல்வா, துறைமுகத்தில் வேலை இருக்கிறதா என்று கேட்டு என்னிடம் வந்தான். "அண்ணே, அவரு குடியத் தொட்டே பத்து வருஷம் ஆச்சு. அன்னைக்கி காலைல சாப்பிடல. ரத்தத்துல சக்கர எறங்கி மயங்கித்தான் தண்ணில விழுந்தாரு. டாக்டர் ரிப்போர்ட்லயும் அதான் இருக்கு," என்றான்.

ஆகவே எனக்கு உண்மை தெரிந்து ஐந்து வருடம் ஒன்பது மாதம் ஆகிறது. தெரிந்த பிறகு மூன்று வருடத்துக்கு மேல் எனக்குக் குரல் இருந்தது. ஒரு போன் போட்டிருக்கலாம். இன்றைக்கு வேண்டாம், ஈஸ்டருக்குப் பார்ப்போம், கிறிஸ்துமஸுக்குப் பார்ப்போம் என்று தள்ளினேன். பிறகு குரலே போனது. இனி எப்படிச் சொல்வது என்று அதையே சாக்காக்கிக்கொண்டேன்.

உன் புருஷன் குடிக்கவில்லை. நான் பொய் சொன்னேன். பொய் என்று தெரிந்த பிறகும் அதை அப்படியே விட்டேன். என்னை மன்னித்துவிடு.

அண்ணன்


மெர்சிங்
15 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது.

செல்வா உங்களிடம் வந்தது எனக்குத் தெரியாது. நேற்று ஜெட்டியில் அவனைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான்.

நீங்கள் தெரியாமல் பேசிவிட்டீர்கள் என்று நினைத்துத்தான் இத்தனை வருடம் இருந்தேன். ஊரில் இன்றைக்கும் நாலு பேர், "பாவம், குடிகாரன் பொண்டாட்டி," என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். நீங்கள் உண்மை தெரிந்தே என்னை அதைக் கேட்க வைத்தீர்கள்.

இதற்குமேல் இப்போது எழுத முடியாது. பதில் எழுத வேண்டாம். நானே எழுதுகிறேன்.

கெர்ட்ரூட்


பாசிர் கூடாங்
4 செப்டம்பர் 2025

பாப்பா,

பதில் எழுத வேண்டாம் என்றாய். மூன்று வாரம் இருந்தேன். இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. நம் விஷயத்துக்காக இல்லை.

என் குரல் மறுபடியும் கிளம்பிவிட்டது. போன வாரம் அர்ச்சுனனுக்குப் போயிருக்கிறது. என்னோடு இருபது வருடம் கிரேன் ஓட்டினவன். "அர்ச்சுனா, அவசரம்டா" என்றதும், என்ன ஏது என்று கேட்காமல் பேங்குக்குக் கிளம்பிவிட்டான். போகிற வழியில் சந்தேகம் வந்து என் வீட்டுக்குத் திரும்பி, கதவைத் தட்டினான். நான் திறந்தேன். என் கழுத்தைப் பார்த்தான். "என்னண்ணே இது? எனக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று வாசலிலேயே அழுதுவிட்டான். கீழ்மாடிப் பேச்சியம்மாள் அவ்வளவு அதிர்ஷ்டசாலி இல்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து பேசுவதாக நம்பி, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டாள். எனக்காக. நான் கேட்டேன் என்பதற்காக.

கோவில் பக்கத்திலிருந்து வீடியோவை எல்லாம் கிளாரிசா எடுக்கவைத்துவிட்டாள். ஆனால் திருடினவன் கையில் இருப்பது இருப்பதுதான். யோசித்துப் பார்த்தேன். அவர்கள் ஏமாந்ததற்கு என் பங்கும் இருக்கிறது. எனக்குக் குரல் இல்லை என்று ஊருக்குத் தெரிந்திருந்தால், அந்தக் குரலை யாராவது நம்பியிருப்பார்களா? நான் ஒளிந்துகொண்ட இடத்தில் திருடன் நின்றுகொண்டான்.

கிளாரிசா இன்னொன்றும் செய்திருக்கிறாள். அதே பழைய வீடியோக்களை வைத்து, என் கைப்பேசிக்குள் மட்டும் இருக்கிற மாதிரி என் குரலைச் செய்து கொடுத்திருக்கிறாள். நான் எழுத்தைத் தட்டினால் அது பேசும். "அப்பா, இது உங்களோடது. நீங்க சொல்லாம வேற யாரும் தொட முடியாது," என்றாள். சும்மா "பசிக்குது" என்று தட்டினேன். உன் அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த கருவி ஒன்றும் இருக்கிறது. கழுத்தில் வைத்து அழுத்தினால் உதடு அசைவதற்கு ஏற்றபடி ஒரு சத்தம் வரும். வண்டு ரீங்கரிப்பது போல. ஏற்ற இறக்கம் கிடையாது. ஒரே ஒரு தடவை கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தேன்.

14ஆம் தேதி ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் எனக்கு ஐந்து நிமிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறேன். எந்தக் குரலில் சொல்வது? கைப்பேசியில் இருப்பது அழகாக இருக்கும். கோவிலே கேட்கும். அலமாரியில் இருப்பது அசிங்கமாக இருக்கும். உன்னைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அண்ணன்


மெர்சிங்
8 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பேச்சியம்மாளை நினைத்தால் வயிறு எரிகிறது. அந்தக் குரலில் நீங்கள் போய் நின்று, "இந்தக் குரலை நம்பாதீர்கள்" என்று சொன்னால் யாருக்கு என்ன விளங்கும்? வீட்டில் அண்ணிக்கு ஆசையாக இருந்தால் அவருக்குப் பேசிக் காட்டுங்கள். அவர் உங்களோடு முப்பது வருடம் வாழ்ந்தவர், அவருக்கு அந்த உரிமை உண்டு. எனக்கு மட்டும் அதில் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். அது ஒரு தடவை என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டது.

அலமாரியைத் திறந்து அந்த வண்டை எடுங்கள்.

கெர்ட்ரூட்


மெர்சிங்
16 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் வந்திருந்தேன்.

சனிக்கிழமை பஸ் ஏறி ஜொகூர் பாருவில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, காலையில் உங்கள் கோவிலுக்கு வந்தேன். கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலையில் முக்காடு. உங்களுக்குத் தெரிய நியாயமில்லை.

ஃபாதர் உங்கள் பேரைச் சொன்னதும் ஜனங்கள் சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தார்கள். "மைக்காரர் வந்துட்டாரு," என்று எனக்கு முன்னால் இருந்தவர் சொன்னார். நீங்கள் நடந்து போனீர்கள். எவ்வளவு மெலிந்துவிட்டீர்கள் அண்ணே! கழுத்துத் துணியின் முடிச்சை அவிழ்த்தீர்கள். கிளாரிசா பிடிக்க வந்தாள், நீங்கள் வேண்டாம் என்று தலையாட்டினீர்கள். கருவியைக் கழுத்தில் வைத்தீர்கள்.

சத்தம் வந்ததும் ஒரு குழந்தை சிரித்தது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள். முதல் வரி எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நீங்கள் நிறுத்தி, மறுபடியும் ஆரம்பித்தீர்கள்.

"நான் கேப்ரியல். இதுதான் இப்ப என் குரல். என் பழைய குரல்ல யாராச்சும் போன் பண்ணி எதக் கேட்டாலும் அது நானில்ல. போன வச்சிடுங்க. வீட்டுக்கு வந்து என்னப் பாருங்க. வேற யார் குரலா இருந்தாலும் அப்படித்தான். போன வச்சிட்டு, உங்களுக்குத் தெரிஞ்ச அவங்க நம்பருக்கு நீங்க திருப்பிக் கூப்பிடுங்க."

அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட இல்லை. பிறகு முதல் வரிசையில் ஒருவர் எழுந்து வந்து உங்களைக் கட்டிப்பிடித்தார். நெற்றியில் விபூதி இருந்தது. அர்ச்சுனன் என்று நினைக்கிறேன். அவருக்குப் பின்னால் வரிசையே நின்றது. பலபேர் அழுதார்கள். ஒரு வயதான அம்மாள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் குரல்ல என்னையும் கூப்பிட்டான், தம்பி, நான் வெக்கத்துல யார்ட்டயும் சொல்லல," என்று சொன்னது எனக்கே கேட்டது.

நானும் அந்த வரிசையில் நின்றிருக்கலாம். வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் யோசித்தேன். ஊர் ஜனங்களுக்காக இவ்வளவு பேர் முன்னால் நின்ற மனுஷன், மார்கஸுக்காகவும் நிற்பாரா என்று.

நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. மெர்சிங்கில் மாலை நான்கு மணிக்கு ஃபாதர் கல்லறைகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். அன்று அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேராவது வருவார்கள். கடிதத்தில் எனக்கு எழுதியதை அங்கே சொல்லுங்கள். நீங்கள் சொன்னதை அறுபது பேர் கேட்டார்கள். நான் மட்டும் படித்தால் அது சரியாகாது.

கெர்ட்ரூட்


பாசிர் கூடாங்
22 செப்டம்பர் 2025

பாப்பா,

தூணுக்குப் பக்கத்தில் முக்காட்டோடு ஒருத்தி இருந்தாள். நீயாக இருக்குமோ என்று நினைத்தேன். ஆசையில் தோன்றுகிறது என்று விட்டுவிட்டேன்.

வருகிறேன். ஆனால் ஒன்று. கோவிலுக்குள் நான்கு சுவர் இருந்தது, மைக் இருந்தது. மெர்சிங்கில் நவம்பரில் கடற்காற்று எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியும். என் சத்தம் இரண்டு அடி தாண்டாது. யாருக்கும் விளங்காமல் போனால் என்மேல் வருத்தப்படாதே.

அண்ணன்


மெர்சிங்
6 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தீர்கள் என்று கிளாரிசா எழுதியிருந்தாள். மழையில் நனைந்தீர்களே, மூச்சுக்கு ஒன்றும் இல்லையே? அண்ணியிடம் சொல்லிச் சூடாக ஏதாவது குடியுங்கள்.

மழைக்காலம் வந்துவிட்டது. போட் எல்லாம் நிறுத்தியாயிற்று. கவுண்டரில் வேலை இல்லை. அதனால் நிதானமாக எழுதுகிறேன். நீங்கள் கிளம்பின பிறகு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் என் பக்கத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அங்கே நின்ற உங்களுக்கு அது தெரிந்திருக்காது.

ஃபாதர் மார்கஸ் கல்லறையில் தீர்த்தம் தெளித்துவிட்டு ஒதுங்கினார். நீங்கள் முன்னால் வந்து கருவியை வைத்தீர்கள். "நான் மார்கஸப் பத்தி இங்க ஒரு பொய் சொன்னேன்," என்றீர்கள். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. ஆனால் காற்று அந்தச் சத்தத்தைப் பிய்த்துக் கடல் பக்கம் கொண்டுபோனது. ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போதுதான் பின்னாலிருந்து செல்வா கையைத் தூக்கி, "விளங்கலண்ணே!" என்று கத்தினான்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வைக்கு நான் தயாராக வரவில்லை. நீங்கள் சொல்வீர்கள், நான் நின்று கேட்பேன், அவ்வளவுதான் என்று நினைத்து வந்தவள். ஆனால் வாய் தானாகத் திறந்துவிட்டது. "எங்க அண்ணன் சொல்றாரு, மார்கஸப் பத்தி அவரு இங்க ஒரு பொய் சொன்னாராம்," என்று உரக்கச் சொன்னேன். நீங்கள் அடுத்த வரி சொன்னீர்கள். நான் திருப்பிச் சொன்னேன். "அவன் அன்னைக்கிக் குடிக்கல." "அவரு அன்னைக்கிக் குடிக்கல." "சக்கர எறங்கி மயங்கி விழுந்தான்." "சக்கர எறங்கி மயங்கி விழுந்தாரு." நீங்கள் 'அவன்' என்றதை நான் 'அவரு' என்று மாற்றினேன், கவனித்தீர்களா? அண்ணே, ஆறு வருடத்தில் அந்த வார்த்தையை நானே ஒருவரிடமும் சொன்னதில்லை. "என் புருஷன் குடிக்கல" என்று ஊரிடம் போய் வாதாடுவதே அவருக்கு அவமானம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அன்று சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

"தெரிஞ்ச பிறகும் நான் வாயத் தொறக்கல. பாப்பா, என்ன மன்னிச்சிடு," என்றீர்கள் கடைசியில். அதை நான் திருப்பிச் சொல்லவில்லை. அது எனக்குச் சொன்னது.

உங்கள் கையைப் பிடித்தேன் அல்லவா, அதுதான் என் பதில். ஜனங்கள் முன்னால் வேறு எதுவும் வரவில்லை. இப்போது எழுத்தில் கேட்டால் எழுதுகிறேன்: மன்னித்தேன். வருத்தம் சில நாள் திரும்பி வரும். வந்தால் எழுதித் திட்டுவேன். நீங்கள் பதில் எழுத வேண்டும்.

இப்போது நான் சொல்ல வந்தது. உங்கள் கார் கிளம்பினதும் மழை வலுத்தது. மெழுகுவர்த்தி எல்லாம் அணைந்துவிட்டது. எல்லோரும் ஓடினார்கள். செல்வா மட்டும் மார்கஸ் கல்லறைப் பக்கம் நின்று சாய்ந்த பூச்சாடியை நிமிர்த்திக்கொண்டிருந்தான். நான் குடையைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் போனேன்.

"அண்ணன் சொன்னது, ஒதட்டப் பாத்தே மொத தடவையே எனக்கு விளங்கிடுச்சுக்கா," என்றான்.

"அப்ப ஏன்பா விளங்கலன்னு கத்தினே?"

அவன் கையில் ஒட்டின மண்ணைச் சட்டையில் துடைத்தான்.

"உங்க வாயால கேக்கணும்னுதான்."

உங்கள் தங்கை
கெர்ட்ரூட்